சுவருக்குக் காப்பி நிறம்

மும்பை நகரில் தாராவி என்று ஒரு பகுதி இருக்கிறது. தமிழ்நாட்டிலிருந்து பிழைக்கப் போன குடும்பங்கள் அங்கே நிறைய. அப்படி ஒரு குடும்பத்தை நினைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்காரர் தோல் பைப் பட்டறையில் வேலை செய்கிறார். வீடு ஒரே அறை. நீளம் 10 அடி. அகலம் 10 அடி. உயரம் 9 அடி. ஒரு கதவு, ஒரு சன்னல். அந்த அறையில்தான் சமையல், படிப்பு, தூக்கம் எல்லாம். பாட்டி, அப்பா, அம்மா, பத்தாம் வகுப்புப் படிக்கும் மகள், தவழும் வயதில் ஒரு பையன் என்று ஐந்து பேர் இருக்கிறார்கள்.

தீபாவளிக்கு முன்னால் சுவருக்கு வண்ணம் அடிக்க வேண்டும். வீட்டுக்காரர் ஒரு ஓட்டலில் சுவரைப் பார்த்து மயங்கிவிட்டார். நல்ல அடர்த்தியான காப்பி நிறம். வறுத்த காப்பிக் கொட்டை நிறம்.

"நாலு சுவருக்கும் அதே கலர் அடிச்சிடலாம். அழுக்கே தெரியாது" என்றார்.

"ஏங்க, நமக்கு இருப்பது ஒரு சன்னல். பொண்ணு எங்கே உட்கார்ந்து படிப்பாள்?" என்றார் மனைவி.

பாட்டி சொன்னார்: "காவி பூசின வீடு எங்கம்மா காலத்திலேயே உண்டு. குளிர்ச்சியா இருக்கும்."

மூன்று பேர் சொன்னதிலும் விஷயம் இருக்கிறது. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

மண் தந்த நிறம்

இந்த நிறத்துக்கு நம் பேச்சில் பல பெயர்கள் உண்டு. காப்பிக் கலர் என்கிறோம். மரக்கலர் என்கிறோம். புளி நிறம், பனைவெல்ல நிறம் என்றும் சொல்வோம். சிவப்பு சற்றுத் தூக்கலாக இருந்தால் காவி. இவை எல்லாம் ஒரே குடும்பத்துப் பிள்ளைகள். தாய் ஒன்றுதான். அது இரும்பு.

இரும்பு ஆணி மழையில் நனைந்தால் என்ன ஆகிறது? துருப் பிடிக்கிறது. துரு என்ன நிறம்? செம்பழுப்பு. மண்ணில் இருக்கும் இரும்பும் இப்படித்தான் காற்றோடும் நீரோடும் சேர்ந்து நிறம் மாறுகிறது. செம்மண் சிவப்பாக இருப்பது இதனால்தான். காவிக்கல் என்பதும் இப்படிப்பட்ட இரும்பு நிறைந்த கல்தான். இந்தியில் இதைக் கேரு என்பார்கள்.

ஒரு சோதனை செய்து பாருங்கள். மஞ்சள் நிற மண் கிடைத்தால் ஒரு பிடி எடுங்கள். பழைய இரும்புச் சட்டியில் போட்டு நல்ல தணலில் வையுங்கள். மஞ்சள் மெல்லச் சிவக்கும். மண்ணில் இருந்த நீர்ச்சத்து போய்விடுவதால் இந்த மாற்றம் வருகிறது. செங்கல் சூளையில் மண் சிவப்பதும் ஏறக்குறைய இதே கதைதான்.

இந்த நிறம் வெயிலில் சீக்கிரம் வெளுக்காது. மத்தியப் பிரதேசத்தில் போபால் நகருக்குத் தெற்கே பீம்பேட்கா என்ற இடத்தில் பாறைக் குகைகள் உள்ளன. பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் மனிதர்கள் அங்கே மான், மாடு, வேட்டைக்காரர் என்று வரைந்து வைத்தார்கள். பெரும்பாலும் வெள்ளையும் செங்காவியும்தான். காவி இன்றும் தெரிகிறது. 2003-ஆம் ஆண்டு யுனெஸ்கோ இந்த இடத்தை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

வார்லி மக்களின் வீடு

மும்பையிலிருந்து வடக்கே ரயிலில் போனால் டஹாணு வரும். அதைச் சுற்றி வார்லி பழங்குடி மக்கள் வாழ்கிறார்கள். அவர்களுடைய பழைய வீட்டுக்குள் நுழைந்தால் கண்ணுக்கு முதலில் தெரிவது பழுப்புச் சுவர்தான்.

சுவரை எப்படிக் கட்டுகிறார்கள்? கார்வி என்று ஒரு செடி. அதன் குச்சிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கட்டுகிறார்கள். அதன்மேல் மண்ணும் சாணமும் குழைத்துப் பூசுகிறார்கள். காய்ந்த பிறகு காவி மண்ணைக் கரைத்து மெழுகுகிறார்கள். சாணத்தின் பச்சைப் பழுப்பும் காவியின் சிவப்பும் சேர்ந்து வெதுவெதுப்பான ஒரு நிறம் வருகிறது. கடையில் எந்த டப்பாவிலும் இதே நிறம் கிடைக்காது என்பது என் எண்ணம்.

கல்யாணம் என்றால் அந்தச் சுவரில் படம் எழுதுவார்கள். அரிசியை அரைத்து நீரில் கரைத்தால் வெள்ளை மை தயார். மூங்கில் குச்சியின் நுனியை மென்று நசுக்கினால் தூரிகை தயார். வட்டம், முக்கோணம், கோடு. இவ்வளவுதான். இவற்றை வைத்தே மனிதர், மாடு, மரம், கொட்டும் மழை, சுற்றி நின்று ஆடும் கூட்டம் எல்லாம் வந்துவிடும். முன்பு சுமங்கலிப் பெண்கள்தான் இதை எழுதினார்கள். 1970-களில் ஜிவ்யா சோமா மஷே என்ற வார்லிக் கலைஞர் இதைத் தாளிலும் துணியிலும் எழுதத் தொடங்கினார். வார்லிப் படம் உலகம் முழுவதும் போயிற்று. அரசு அவருக்கு 2011-இல் பத்மஸ்ரீ விருது தந்தது. 2018-இல் அவர் காலமானார்.

சரி, இருட்டான குடிசைக்கு இருட்டான சுவர் எப்படிப் பொருந்தியது? அவர்கள் பகலெல்லாம் வயலிலும் காட்டிலும் முற்றத்திலும் இருந்தார்கள். வீடு என்பது இரவில் ஒதுங்கவும் நெல் வைக்கவும் சாமி கும்பிடவும்தான். சுவர் ஓரமாக உட்கார்ந்து யாரும் கணக்குப் பாடம் போடவில்லை. அடுப்புப் புகை வெள்ளைச் சுவரை ஒரே மாதத்தில் கறுக்கச் செய்துவிடும். பழுப்புச் சுவரில் அது அவ்வளவாகத் தெரியாது. அரிசி மாவுப் படமோ சிறு விளக்கொளியிலும் பளிச்சென்று தெரியும்.

ஜார்க்கண்டில் ஹசாரிபாக் பக்கத்துப் பெண்கள் வேறு விதமாகச் செய்கிறார்கள். கல்யாண அறைச் சுவரில் முதலில் கறுப்பு மண் பூசுவார்கள். அதன்மேல் வெள்ளை மண். ஈரம் காய்வதற்குள் சீப்பால் கீறுவார்கள். கீறிய இடத்தில் கறுப்பு எட்டிப் பார்க்கும். இதற்குக் கோவர் என்று பெயர். அறுவடைக் காலத்தில் எழுதுவது சோராய். அதில் காவியும் சேரும். 2020-இல் இவற்றுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. ஒடிசாவில் சௌரா மக்களும் செம்பழுப்புச் சுவரில் வெள்ளையில் எழுதுகிறார்கள்.

ஆக, பாட்டி சொன்னது பொய் இல்லை. ஆனால் குளிர்ச்சி தந்தது நிறம் அல்ல. கனமான மண் சுவர்தான் குளிர்ச்சி தந்தது. தாராவியில் மண் சுவர் இல்லை. சிமெண்டுப் பூச்சுக்கு மேல் எந்த நிறம் அடித்தாலும் நிறத்தால் மட்டும் அறை குளிர்ந்துவிடாது. வெயில் நேராக விழும் வெளிச்சுவரில் அடர் நிறம் அடித்தால் சூடு கூடவே செய்யும்.

வெளிச்சம் எங்கே போகிறது?

இப்போது மனைவி கேட்ட கேள்விக்கு வருவோம். பெண் எங்கே உட்கார்ந்து படிப்பாள்?

விளக்கிலிருந்து வரும் வெளிச்சம் எல்லாம் நேராகப் புத்தகத்துக்கு வருவதில்லை. ஒரு பகுதி சுவரில் பட்டு, திரும்பி, பிறகு நம்மிடம் வருகிறது. வெள்ளைச் சுவர் தன்மேல் விழும் வெளிச்சத்தில் பத்துக்கு எட்டுப் பங்கைத் திருப்பித் தந்துவிடும். அடர் காப்பி நிறச் சுவர் பத்துக்கு ஒரு பங்குதான் தரும். மீதியை விழுங்கிவிடும். அதே பல்புதான். அதே மின்கட்டணம்தான். ஆனால் அறை மங்கும். நாலு சுவரும் காப்பி நிறம் என்றால் பகலிலேயே விளக்குப் போட வேண்டி வரும்.

ஓட்டலில் ஏன் அழகாக இருந்தது? அங்கே ஒரு சுவருக்கு மட்டும் பத்து விளக்கு இருந்திருக்கும். சாப்பிட வருபவர் அரை மணி நேரம் இருந்துவிட்டுப் போய்விடுவார். நாம் வீட்டில் வாழ்கிறோம்.

காசு செலவழிக்கும் முன் ஒன்று செய்யலாம். அடர் நிறப் போர்வை இரண்டு, மூன்றை அக்கம்பக்கத்தில் வாங்கிவாருங்கள். மாலையில் அவற்றைச் சுவரில் தொங்கவிடுங்கள். விளக்கைப் போடுங்கள். வழக்கமாகப் படிக்கும் இடத்தில் உட்கார்ந்து செய்தித்தாளைப் படியுங்கள். பிறகு போர்வைகளை எடுத்துவிட்டுப் படியுங்கள். எந்தச் சுவரில் இந்த நிறம் தாங்கும், எதில் தாங்காது என்று உங்கள் கண்ணே சொல்லிவிடும்.

அப்படியானால் இந்த நிறமே வேண்டாமா? வேண்டும் என்றுதான் நான் சொல்வேன். இடம் பார்த்து அடித்தால் இதைப்போல வீட்டுக்கு நிறைவு தரும் நிறம் வேறு இல்லை. சன்னலுக்கு எதிர்ச்சுவரை வெள்ளையாக விட்டுவிடுங்கள். சன்னல் இருக்கிற சுவருக்கே காப்பி நிறம் அடிக்கலாம். வெளிச்சம் அந்தச் சுவரில் நேராக விழுவதில்லை. அதனால் இழப்பு குறைவு. கூரையின் உட்புறத்துக்கு மட்டும் எக்காரணம் கொண்டும் வேண்டாம். கூரை தலையில் இறங்கியதுபோல இருக்கும்.

இன்னொரு வழி கீழ்ப்பட்டை. பழைய பள்ளிக்கூடங்களையும் ஆஸ்பத்திரிகளையும் பார்த்திருப்பீர்கள். தரையிலிருந்து மூன்று, நான்கு அடிக்கு அடர் நிறம். அதற்கு மேலே வெள்ளை அல்லது வெளிர் மஞ்சள். சின்ன வீட்டுக்கு இதுவே ஏற்றது என்பது என் கருத்து. சாய்கிற முதுகு, எண்ணெய்த் தலை, துடைப்பம் எல்லாம் படுவது கீழேதான். வெளிச்சத்தைத் திருப்பித் தருவது மேல்பாதி. இரண்டும் தன் தன் வேலையைச் செய்யும். கண் மங்கிய பெரியவர்களுக்கும் இது உதவும். சுவர் எங்கே முடிகிறது, தரை எங்கே தொடங்குகிறது என்று அவர்களுக்குத் தெரியும். ஆனால் தரையும் அதே காவி நிறமாக இருந்தால் இந்த உதவி கிடைக்காது.

அழுக்கே தெரியாது என்று வீட்டுக்காரர் சொன்னாரே? பாதி சரி. கைக்கறை, எண்ணெய்க்கறை தெரியாது. ஆனால் தூசி நன்றாகத் தெரியும். சுவரில் ஈரம் ஏறி உப்புப் பூத்தால் வெள்ளை வெள்ளையாகக் காட்டிக்கொடுத்துவிடும். உப்புப் பூக்கிற சுவருக்கு முதலில் ஈரம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். வண்ணம் பிறகு.

வெள்ளையில் கலந்தால் வராது

பலர் செய்யும் தவறு ஒன்று உண்டு. வெள்ளை எமல்ஷன் வாங்குவார்கள். கூடவே சிவப்பு, கறுப்புச் சாயக் குப்பிகள். கடையில் இவற்றை ஸ்டெய்னர் என்பார்கள். குப்பி குப்பியாக ஊற்றிக் கலக்குவார்கள். காப்பி நிறம் வராது. பால் அதிகமான காப்பி நிறம்தான் வரும். சில நேரம் ரோஜா நிறம்கூட வரும். ஏன்? வெள்ளை எமல்ஷனில் டைட்டானியம் டையாக்சைடு என்ற வெள்ளைப் பொடி நிறைய இருக்கிறது. அது எந்தச் சாயத்தையும் வெளுக்கச் செய்யும். சாயத்தைக் கூட்டிக்கொண்டே போனால் பூச்சு சரியாகக் காயாது. துடைத்தால் கையோடு வரும். சுண்ணாம்பும் இப்படித்தான். சுண்ணாம்பில் காவி கலந்தால் இளங்காவிதான் கிடைக்கும்.

அடர் நிறம் வேண்டுமானால் கடையில் நிறம் கலக்கும் இயந்திரத்தில் கலந்து வாங்குங்கள். அடர் நிறத்துக்கு என்று வெள்ளைப் பொடி குறைந்த கலவை தனியாக உண்டு. நிற அட்டையில் பார்க்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். கறுப்பு மிகுந்த பழுப்பு, சுவரில் வந்தால் கரி பிடித்ததுபோல இருக்கும். சிவப்போ மஞ்சளோ சற்று எட்டிப் பார்க்கும் பழுப்புதான் வெதுவெதுப்பாக இருக்கும். அட்டையைக் கடை விளக்கில் பார்க்காதீர்கள். வீட்டுக்கு எடுத்துவந்து, பகலில் ஒருமுறை, இரவில் ஒருமுறை பாருங்கள்.

கணக்குப் போடுவோம்

அந்தத் தாராவி அறைக்கே கணக்குப் போடுவோம்.

ஒரு சுவர்: 10 × 9 = 90 சதுர அடி.
நான்கு சுவர்: 90 × 4 = 360 சதுர அடி.
கதவு: 3 × 6 = 18. சன்னல்: 3 × 4 = 12. இரண்டும் சேர்த்து 30.
பூச வேண்டியது: 360 – 30 = 330 சதுர அடி.

கீழ்ப்பட்டை மட்டும் என்றால்? அறையின் சுற்றளவு 40 அடி. கதவுக்கு 3 அடி கழித்தால் 37. பட்டையின் உயரம் 3 அடி. 37 × 3 = 111 சதுர அடி. சன்னல் மூன்று அடிக்கு மேலே இருப்பதால் அதைக் கழிக்க வேண்டாம்.

ஒரு லிட்டர் எவ்வளவு தூரம் வரும் என்பது டப்பாவிலேயே அச்சிட்டிருக்கும். இரண்டு கோட்டுக்கு 50 சதுர அடி என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். 330-ஐ 50-ஆல் வகுத்தால் 6.6. ஏழு லிட்டர் வேண்டும். 111-ஐ 50-ஆல் வகுத்தால் 2.22. இரண்டரை லிட்டர் போதும். இந்தக் கணக்கு உங்கள் கையில் இருந்தால், பெயிண்டர் பத்து லிட்டர் கேட்கும்போது ஏன் என்று கேட்கலாம்.

டப்பாவில் 90 என்ற எண்

அந்த வீட்டில் கீழ்ப்பட்டை என்று முடிவாயிற்று. பழைய பச்சை எனாமல் கீழே செதில் செதிலாக உரிந்து கிடந்தது. வீட்டுக்காரர் கரண்டியை எடுத்துச் சுரண்டத் தொடங்கினார். தவழும் பையன் விழுந்த செதிலில் ஒன்றை எடுத்து வாயில் வைத்தான். அம்மா ஓடிப்போய்ப் பிடுங்கினார். வாயைக் கழுவிவிட்டார்.

அவர் பயந்தது சரிதான். பழைய எனாமல் பூச்சுகளில் ஈயம் இருந்திருக்கலாம். பளிச்சென்ற மஞ்சள், சிவப்பு, பச்சை நிறங்களுக்கு ஈயம் சேர்ந்த பொடிகளைப் போட்டார்கள். சீக்கிரம் காய்வதற்கும் ஈயம் சேர்த்தார்கள். இந்த நிறங்களைக் கலந்து செய்த பழுப்பிலும் ஈயம் வரும்.

ஈயம் குழந்தையின் மூளையைக் கெடுக்கிறது. நினைவும் கவனமும் குறைகின்றன. ரத்த சோகை வருகிறது. வெளியே ஒரு காயமும் தெரியாது. இந்த அளவு வரை ஆபத்தில்லை என்று சொல்லக்கூடிய அளவே ஈயத்துக்கு இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. கருவில் இருக்கும் குழந்தையையும் அது தாக்கும்.

இதற்காக மத்திய அரசு 2016-இல் விதி செய்தது. வீட்டுக்குப் பூசும் பெயிண்டில் ஈயம் 90 பி.பி.எம். அளவைத் தாண்டக் கூடாது. 2017 நவம்பர் 1 முதல் இது நடைமுறைக்கு வந்தது. பி.பி.எம். என்றால் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. ஒரு கிலோவில் பத்து லட்சம் மில்லிகிராம் உண்டு. அப்படியானால் காய்ந்த பெயிண்ட் ஒரு கிலோவில் 90 மில்லிகிராமுக்கு மேல் ஈயம் இருக்கக் கூடாது. ஒரு சிட்டிகை உப்பைவிடக் குறைவு.

இந்த விவரம் டப்பாவில் அச்சாகியிருக்க வேண்டும். பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் இருக்கும். ஆங்கிலம் தெரியாவிட்டால் என்ன? 90 என்ற எண்ணைத் தேடுங்கள். அந்த அம்மா கடையில் டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்து எண்ணைக் கண்டுபிடித்தார். பக்கத்தில் இருந்த எழுத்துகளை மகள் படித்துச் சொன்னாள். தயாரித்த மாதமும் வருடமும் இருக்கிறதா என்றும் பார்த்தார்கள். ஒன்றுமே அச்சிடாத டப்பாவை விலை மலிவு என்று வாங்க வேண்டாம்.

பெயரிலும் ஒரு கவனம் வேண்டும். ரெட் ஆக்சைடு என்பது இரும்பிலிருந்து வருவது. ரெட் லெட் என்பது ஈயம். இரும்புக் கிராதிக்குப் பூசும் பூச்சு எதையும் வீட்டுக்குள் சுவருக்கு அடிக்காதீர்கள்.

பழைய பூச்சை என்ன செய்வது? உரியாமல் கெட்டியாக இருந்தால் சுரண்டவே வேண்டாம். அதன்மேலேயே பூசலாம். உரிந்திருந்தால் முதலில் தண்ணீர் தெளித்து நனையுங்கள். ஈரத்தோடு சுரண்டுங்கள். உலர்ந்த சுவரில் உப்புத்தாள் போடாதீர்கள். தூசி பறக்கும். தீயில் வாட்டி எடுப்பது அதைவிட மோசம். குழந்தைகளும் கர்ப்பிணிகளும் அன்று வேறு வீட்டில் இருக்கட்டும். பாத்திரம், தண்ணீர்க் குடம், துணி எல்லாவற்றையும் வெளியே எடுங்கள். செதில்களைக் காகிதத்தில் சுருட்டிப் பையில் கட்டுங்கள். தரையைப் பெருக்காதீர்கள். ஈரத் துணியால் இரண்டு, மூன்று முறை துடையுங்கள். சுரண்டியவர் குளித்து உடை மாற்றிய பிறகே குழந்தையைத் தூக்க வேண்டும்.

குழந்தை செதில் தின்றதாகச் சந்தேகம் இருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள். ரத்தப் பரிசோதனையில் ஈயம் இருக்கிறதா என்று தெரிந்துவிடும். கீரை, கேழ்வரகு, பால் என்று இரும்புச்சத்தும் சுண்ணாம்புச்சத்தும் உள்ள உணவை வயிறு காயாமல் கொடுங்கள். இந்தச் சத்துகள் குறைந்த குழந்தையின் உடல் ஈயத்தை அதிகமாக உறிஞ்சும்.

அந்த வீட்டில் சுரண்டும் நாளில் பாட்டியும் பையனும் பக்கத்துச் சந்தில் உறவினர் வீட்டுக்குப் போனார்கள். திரும்பி வந்தபோது கீழே மூன்று அடிக்குக் காப்பி நிறம். மேலே வெள்ளை. மகள் விளக்குக்கு நேர் கீழே பாயைப் போட்டிருந்தாள். "காவி இல்லையே இது" என்றார் பாட்டி. பிறகு சுவரோரமாக உட்கார்ந்து முதுகைச் சாய்த்துக்கொண்டார்.

பயிற்சி

1. உங்கள் வீட்டில் படிக்கும் இடம் எது? பகலில் அங்கே வெளிச்சம் எந்தச் சுவரிலிருந்து வருகிறது?

2. ஓர் அறை 12 அடி நீளம், 10 அடி அகலம். கதவு 3 அடி அகலம். 3 அடி உயரத்துக்குக் கீழ்ப்பட்டை அடிக்க வேண்டும். எத்தனை சதுர அடி? ஒரு லிட்டர் 50 சதுர அடிக்கு வரும் என்றால் எத்தனை லிட்டர் வாங்குவீர்கள்?

3. வீட்டில் பழைய பெயிண்ட் டப்பா இருந்தால் எடுத்துவாருங்கள். அதில் உள்ள எண்களை எல்லாம் நோட்டில் எழுதுங்கள். எது விலை, எது அளவு, எது வருடம் என்று பக்கத்தில் குறியுங்கள். 90 இருக்கிறதா?